91 வயது தாத்தாவும் 72 லட்சம் யென் பில்லும்

முதலில் ஒரு கேள்வி.

ஒரு வீட்டில் வயதான தாத்தா ஒருவர் இருக்கிறார். ஞாபகம் ரொம்பவே தப்பிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் யாரும் கவனிக்காத நேரத்தில் வெளியே போய்விடுகிறார். ரயில் தண்டவாளத்தில் இறங்கி, அடிபட்டு இறந்துபோகிறார். ரயில்கள் எல்லாம் லேட். ரயில் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம். அந்த நஷ்டத்தை யார் கட்ட வேண்டும்?

எங்கள் வகுப்பில் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தன் "இன்சூரன்ஸ்" என்றான் (காமர்ஸ் மாணவன் வேறென்ன சொல்வான்!). ஒருத்தி "கம்பெனியே தாங்கிக்கணும்" என்றாள். மற்றவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதில்: "வீட்ல இருக்கறவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க? பூட்டி வச்சிருக்க வேண்டியதுதானே?"

இந்தக் கடைசிப் பதில் எனக்குப் பழக்கமானது. எங்கள் அப்பத்தா இரண்டு வருடம் முன்பு விடியற்காலையில் வெளியே போய், பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்ததைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்துக் கூட்டி வந்தார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் வாசலில் வைத்து அம்மாவைப் பார்த்து அவர் கேட்டதும் இதையேதான். "கதவைப் பூட்டி வைக்கக் கூடாதாம்மா?" அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க யாரிடமும் பேசவும் இல்லை.

சரி, கேள்விக்கு வருவோம். அது கற்பனை இல்லை. ஜப்பானில் நடந்தது. விபத்திலிருந்து கடைசித் தீர்ப்பு வரை எட்டு வருடம் இழுத்தது. அதைப் படிக்க ஆரம்பித்தவன் அப்படியே பின்னால் போய் 1972 வரைக்கும் போய்விட்டேன். அந்த நாற்பது வருடக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1972-ல் ஜப்பானில் ஒரு நாவல் வந்தது. எழுதியவர் அரியோஷி சவாகோ என்ற பெண் எழுத்தாளர். நாவலின் பெயர் 'கோகொட்சு நோ ஹிதோ'. தன்னை மறந்து லயித்துப்போன மனிதர் என்று ஏறக்குறையப் பொருள் சொல்லலாம். கதை சிம்பிள்தான். அகிகோ என்ற பெண், வேலைக்குப் போகிறவள். மாமியார் திடீரென்று இறந்துபோகிறார். அப்போதுதான் தெரிகிறது, மாமனார் ஷிகெசோவுக்கு மனைவி இறந்ததே புரியவில்லை என்று. அவருக்கு வயது 84. பெற்ற மகனையே அடையாளம் தெரியவில்லை. காலமெல்லாம் திட்டிக்கொண்டிருந்த மருமகளைத் தெரிகிறது! ராத்திரியில் எழுந்து அலைகிறார். வீட்டை விட்டு ஓடுகிறார். மகன் பயந்து ஒதுங்கிக்கொள்கிறான், நாளைக்கு நமக்கும் இப்படித்தானே என்ற பயம். எல்லாம் அகிகோ தலையில்.

அவள் அரசாங்கத்தின் முதியோர் நல அலுவலரிடம் உதவி கேட்கிறாள். கிடைக்கும் பதில்: இப்படிப்பட்டவர்களுக்கு இடம் எதுவும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் மனநல மருத்துவமனை இருக்கிறது.

புத்தகம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அடுத்த வருடமே சினிமாவாக வந்தது. ஷிகெசோவாக மோரிஷிகே ஹிசயா, அகிகோவாக தகமினே ஹிதேகோ, இரண்டு பேருமே அங்கே பெரிய நட்சத்திரங்கள். நாவலின் தலைப்பில் இருக்கும் 'கோகொட்சு' என்ற வார்த்தையே ஞாபகம் தப்பிய முதியவர்களைக் குறிக்கும் பேச்சுவழக்காகிவிட்டது. அதுவரைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு நடந்த விஷயம், முதல் தடவையாகத் தெருவில் பேசப்பட்டது. (ஒரு காமர்ஸ் தகவல்: அரியோஷி நாவல் சம்பாத்தியத்தை முதியோர் இல்லங்களுக்கு நன்கொடையாகக் கொடுக்க நினைத்தார். வரியே பெரும் தொகை போய்விடும் என்று தெரிந்ததும் வெளிப்படையாகச் சண்டை போட்டார். வரிச் சட்டம் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் போல :-))

பேசப்பட்டதே தவிர உடனே விடிந்துவிடவில்லை. 1970-ல்தான் ஜப்பானில் 65 வயதைத் தாண்டியவர்கள் மக்கள்தொகையில் 7 சதவீதத்தைத் தொட்டிருந்தார்கள். 1973-ல் அரசாங்கம் 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவச மருத்துவம் கொண்டுவந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் என்ன ஆயிற்று என்றால், வீட்டில் பார்த்துக்கொள்ள முடியாத முதியவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போனார்கள். வியாதிக்காக அல்ல, வேறு இடம் இல்லை என்பதற்காக. எழுந்து நடந்தால் தொல்லை என்று மாத்திரை கொடுத்துத் தூங்க வைப்பதும், கை கால்களைக் கட்டிலோடு கட்டுவதும் நிறைய இடங்களில் சாதாரணமாக நடந்தது. நடக்கத் தெரிந்தவர்கள் படுத்த படுக்கையானார்கள். செலவுக் கணக்கைக் குடும்பத்தின் பேரிலிருந்து அரசாங்கத்தின் பேருக்கு மாற்றியாயிற்று. ஆளைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

இதே காலகட்டத்தில்தான் ஒரு டாக்டர் வருகிறார். ஹசெகாவா கசுவோ. மனநல மருத்துவர். இவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் கடைசியில் திரும்ப வருவார். 1974-ல் இவர் ஒரு எளிய சோதனையை உருவாக்கினார். யாருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று பேனா, பேப்பர், சில நிமிடம் இருந்தால் போதும், கண்டுபிடிக்க உதவும் கேள்விப் பட்டியல். 1991-ல் திருத்தினார்கள், அந்த வடிவம்தான் இன்றும் ஜப்பான் முழுக்கப் புழங்குகிறது. உங்கள் வயது என்ன? இன்று என்ன தேதி? இப்போது எங்கே இருக்கிறோம்? மூன்று வார்த்தைகள் சொல்வார்கள், செர்ரிப்பூ, பூனை, ரயில் என்று. கொஞ்சம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். நடுவில் 100-லிருந்து 7-ஐக் கழிக்கச் சொல்வார்கள், வந்த விடையிலிருந்து இன்னொரு 7. மொத்தம் 30 மதிப்பெண். 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் சந்தேகம், மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும்.

சாதாரண விஷயம் மாதிரி தெரியும். ஆனால் இதற்கு முன்னால் "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்பதே டயக்னோசிஸ். வயதானால் கொஞ்சம் மறதி வருவது வேறு, மூளையில் நோய் வந்து நினைவும் பேச்சும் திசையும் கலைவது வேறு. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது முதல் வகை. சாவி எதற்கு என்றே தெரியாமல் போவது இரண்டாவது. அதைப் பிரித்துப் பார்க்க ஒரு அளவுகோல் வந்தது பெரிய காரியம்.

1980 ஜனவரியில் கியோட்டோ நகரத்தில் பராமரிக்கும் குடும்பத்தினர் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பிள்ளைகள், மருமகள்கள், மனைவிகள். டாக்டர் யாரும் சொல்லித் தராததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், போனில் ஆலோசனை சொன்னார்கள், அரசாங்கத்துக்கு மனு மேல் மனு போட்டார்கள். அந்தச் சங்கத்தின் அன்றைய பெயரைத் தமிழில் சொன்னால் "புத்தி மழுங்கிய முதியவர்களைச் சுமக்கும் குடும்பங்களின் சங்கம்". ஆம், அப்படியேதான். 'போகே' என்ற அந்த வார்த்தை கிட்டத்தட்ட வசவு. அன்பாகப் பார்த்துக்கொண்டவர்களுக்கே வேறு வார்த்தை கிடைக்கவில்லை!

அரசாங்கம், டாக்டர்கள் எல்லாம் பயன்படுத்திய வார்த்தை 'சிஹோ'. எழுத்தில் எழுதினால் அது இன்னும் மோசம். ஜப்பானிய எழுத்துகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி அர்த்தம் உண்டு இல்லையா, 'சிஹோ'வின் முதல் எழுத்துக்கு முட்டாள் என்று அர்த்தம், இரண்டாவது எழுத்துக்கும் மந்தம், மூடத்தனம் என்றே அர்த்தம். அதாவது டாக்டர் சீட்டில் நோயின் பெயரை எழுதினாலே நோயாளியை இரண்டு தடவை முட்டாள் என்று எழுதியதாக ஆகும். அந்தச் சீட்டை வாங்கிக்கொள்ள யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? ஆரம்ப நிலையிலேயே வர வேண்டியவர்கள் வரவில்லை.

நாம் மட்டும் என்ன ஒழுங்கா? 'புத்தி பேதலிச்சுப் போச்சு', 'கிழத்துக்கு மறை கழண்டுடுச்சு' என்றுதானே சொல்கிறோம். இலங்கைத் தமிழில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று ஒரு பிரயோகம் உண்டு, அதுவும் கேலியாகத்தான் விழும்.

2000 ஏப்ரலில் ஜப்பானில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு வந்தது. 40 வயதைத் தாண்டிய எல்லோரும் பிரீமியம் கட்ட வேண்டும். முதுமையில் உதவி தேவைப்பட்டால் வீட்டுக்கு ஆள் வருவார்கள், பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்குப் போகலாம். செலவில் பத்தில் ஒரு பங்கைப் பயனாளி கட்டினால் போதும் (வருமானம் அதிகமுள்ளவர்களுக்குப் பின்னாளில் இது கூடியது). காப்பீட்டின் கீழ் வரும் பராமரிப்பு நிலையங்களில் கட்டிப்போடுவது, அவசரச் சூழல் தவிர, தடை செய்யப்பட்டது. அகிகோ ஒருத்தி தலையில் இருந்த கணக்கை நாட்டில் உள்ள நாற்பது வயதுக்காரர்கள் எல்லோருக்கும் பிரித்துப் போட்டார்கள் என்று நான் புரிந்துகொண்டேன்.

அடுத்து 2004. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த வருடம். அக்டோபரில் கியோட்டோவில் அல்சைமர் நோய் பற்றிய சர்வதேச மாநாடு. அதில் டிமென்ஷியா உள்ள ஒருவர், ஐம்பதுகளில் இருந்தவர், தன் சொந்தப் பெயரோடு மேடையேறித் தன் அனுபவத்தைப் பேசினார். அதுவரை டாக்டர் பேசுவார், குடும்பம் பேசும், நோய் வந்தவர் பேசமாட்டார். அவருக்குத்தான் ஒன்றும் புரியாதே என்பது எல்லோருடைய நினைப்பு. அது தப்பு என்று அந்த மேடையில் தெரிந்துபோயிற்று.

அந்த வருடமே சுகாதார அமைச்சகம் பெயரை மாற்ற ஒரு குழு போட்டது. மக்களிடம் கருத்துக் கேட்டார்கள், ஆயிரக்கணக்கில் வந்தது. குழுவில் நம்ம ஹசெகாவாவும் உண்டு. டிசம்பர் 24 அன்று முடிவு வந்தது. இனி 'சிஹோ' இல்லை, 'நின்ச்சிஷோ'. அறிதல் திறன் சார்ந்த ஒரு நிலை என்று அர்த்தம், அவ்வளவுதான். திட்டு இல்லை. சட்டங்கள், விண்ணப்பங்கள், ஆஸ்பத்திரிப் பலகைகள் எல்லாவற்றிலும் மாற்றினார்கள். குடும்பச் சங்கமும் 2006-ல் தன் பெயரை மாற்றிக்கொண்டது: "டிமென்ஷியா உள்ளவர்களும் குடும்பமும் சேர்ந்த சங்கம்". சுமை என்ற சொல் போயிற்று. நோய் வந்தவரே சங்கத்தின் பெயரில் முதலில் வந்து உட்கார்ந்தார்.

பெயரை மாற்றினால் நோய் போய்விடுமா என்று கேட்கலாம். போகாது. 2005-ல் 'டிமென்ஷியா சப்போர்ட்டர்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஒன்றரை மணி நேர வகுப்பு. இலவசம். யார் வேண்டுமானாலும் போகலாம். பேங்க் கேஷியர், கடைக்காரர், பஸ் டிரைவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட. முன்னால் ஓடிவந்து நிற்காதே, பின்னாலிருந்து கூப்பிடாதே, மெதுவாகப் பேசு, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல், அவர் சொல்வதை மறுத்து வாதம் பண்ணாதே. முடித்தால் கையில் போட்டுக்கொள்ள ஆரஞ்சு நிற வளையம் கொடுத்தார்கள். பரீட்சையும் கிடையாது, கடமையும் கிடையாது. கடையில் ஒரு பாட்டி ஒரே சோப்பை மூன்றாவது தடவை வாங்க வந்தால், கடைக்காரருக்குப் புரியும், அவ்வளவே எதிர்பார்ப்பு. இன்று அந்த வகுப்பை முடித்தவர்கள் ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல்.

ஓமுதா என்று ஒரு ஊர், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர், 1997-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இளைஞர்கள் வெளியேற, முதியவர்கள் மிஞ்சினார்கள். அங்கே 2004-லிருந்து ஒரு ஒத்திகை நடத்துகிறார்கள். தீயணைப்பு ஒத்திகை மாதிரி! ஒருவர் வழி தவறிய முதியவராக நடித்துத் தெருவில் நடப்பார். ஊர்க்காரர்களுக்கு அடையாளத் தகவல் போகும். பார்த்தவர்கள் அருகில் போய்ப் பேச வேண்டும். நிறையப் பேருக்கு அடையாளம் தெரிந்தும், போய்ப் பேசத்தான் கூச்சம். அந்தக் கூச்சம் போவதற்குத்தான் ஒத்திகை. 2015-ல் ஒத்திகையின் பெயரிலிருந்து 'இலக்கில்லாமல் அலைவது' என்ற பொருள் வரும் சொல்லையும் எடுத்துவிட்டார்கள். அவர்கள் சும்மா அலைவதில்லை, அவர்களுக்குப் போக ஒரு இடம் இருக்கிறது என்பது காரணம். இதைப் படித்தபோது அப்பத்தா ஞாபகம்தான் வந்தது. அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் அவர் கையில் மஞ்சப்பை இருந்தது, உள்ளே ஒரு சேலை மடித்து வைத்திருந்தார். அவர் பிறந்த ஊருக்குப் போகும் பஸ் நிற்கும் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

இப்போது முதலில் கேட்ட கேள்வி.

2007 டிசம்பர் 7. ஐச்சி மாகாணத்தில் ஓபு என்ற ஊர். 91 வயதுத் தாத்தா, டிமென்ஷியா முற்றிய நிலை. வீட்டில் 85 வயது மனைவி. அந்த அம்மாவுக்கே உதவி தேவை என்று காப்பீட்டுத் திட்டம் சான்று கொடுத்திருந்தது. மூத்த மகன் தூரத்தில் யோகோஹாமாவில் இருந்தார், மாதம் இரண்டு மூன்று தடவை வந்து போவார். மாமனாரைப் பார்த்துக்கொள்வதற்காகவே மருமகள் கணவரை விட்டுப் பக்கத்திலேயே வீடு எடுத்து வந்திருந்தார். அன்று மாலை மருமகள் ஏதோ வேலையாக வெளிப்பக்கம் போக, மனைவி சில நிமிடம் கண்ணயர்ந்துவிட்டார். அவ்வளவுதான். தாத்தா கிளம்பிவிட்டார். ஒரு ஸ்டேஷன் தூரம் ரயிலில் போய், அடுத்த ஸ்டேஷனில் பிளாட்பார முனையில் இருந்த கதவு வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி, ரயில் மோதி இறந்தார்.

ரயில் கம்பெனி குடும்பத்தின் மேல் வழக்குப் போட்டது. கேட்ட தொகை சுமார் 72 லட்சம் யென். விபத்து நடந்த சமயத்து மதிப்பில் ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய். 2013 ஆகஸ்டில் நகோயா மாவட்ட நீதிமன்றம், மனைவியும் மூத்த மகனும் முழுத்தொகையையும் கட்ட வேண்டும் என்றது. மனைவி கண்ணயர்ந்தது தவறு. வாசலில் ஆள் நடமாட்டத்துக்கு மணியடிக்கும் கருவி இருந்தும் அதை அணைத்து வைத்திருந்தது தவறு. நாடே கொதித்தது. 85 வயதுப் பாட்டி 24 மணி நேரமும் கண் கொட்டாமல் இருக்க முடியுமா? அப்படியென்றால் கட்டிப்போடு, பூட்டி வை என்று கோர்ட்டே சொல்கிறதா? 2014-ல் உயர் நீதிமன்றம் மகனை விடுவித்து, மனைவி மட்டும் பாதி கட்டினால் போதும் என்றது. இரண்டு தரப்பும் உச்ச நீதிமன்றம் போனது.

2016 மார்ச் 1. குடும்பம் ஒரு யென் கூடக் கட்ட வேண்டியதில்லை என்று தீர்ப்பு. மனைவி என்பதாலேயே, மகன் என்பதாலேயே ஒருவர் சட்டப்படி காவலாளி ஆகிவிடமாட்டார். கூட வாழ்கிறார்களா, அவர்கள் உடல்நிலை என்ன, நிஜமாகவே கண்காணிக்க முடிகிற நிலையில் இருந்தார்களா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள்.

அப்படியானால் நஷ்டம்? கணக்கில் டெபிட் என்று ஒன்று இருந்தால் எங்காவது கிரெடிட் இருந்தாக வேண்டுமே! இந்த வழக்கில் ரயில் கம்பெனி தாங்கியது. கம்பெனிக்குப் பதில் ஒரு சின்னக் கடைக்காரருக்கு நஷ்டம் வந்திருந்தால்? அந்தக் கேள்விக்குத் தீர்ப்பு பதில் சொல்லவில்லை, நியாயமான குறைதான். 2017-ல் யமாடோ நகராட்சி, வழி தவறும் அபாயமுள்ள தன் ஊர் முதியவர்களுக்கு நகராட்சிப் பணத்திலேயே விபத்து இன்சூரன்ஸ் எடுத்தது. வேறு ஊர்களும் பின்தொடர்ந்தன, விபத்து நடந்த ஓபு உட்பட. ஆக, முதல் நாள் 'இன்சூரன்ஸ்' என்று சொன்ன என் வகுப்புத் தோழன்தான் ஜெயித்தான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

ஹசெகாவா டாக்டரை விட்டுவிட்டேனே. 2017-ல், 88 வயதில், தனக்கே டிமென்ஷியா வந்துவிட்டது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். கேள்விப் பட்டியலை உருவாக்கியவருக்கே! குடும்பத்தினர் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று பகல்நேர மையங்களை வாழ்நாள் முழுக்கப் பரிந்துரைத்தவர் அவர். தானே ஒரு மையத்துக்குப் போய் உட்கார்ந்தபோது அவருக்கு அது பிடிக்கவில்லை. தனிமையாக இருக்கிறது, வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். தொலைக்காட்சி ஆவணப்படத்தில் அதை மறைக்காமல் காட்டினார்கள். 2021 நவம்பரில், 92 வயதில் காலமானார்.

ஜப்பானில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2023-ல் டிமென்ஷியா காரணமாகக் காணாமல் போனதாகப் போலீசுக்கு வந்த புகார்கள் மட்டும் 19,039. அதே வருடம் டிமென்ஷியாவுக்கென்றே தனிச் சட்டம் நிறைவேற்றினார்கள், 2024 ஜனவரியில் அமலுக்கு வந்தது. இந்தியாவில் 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று மதிப்பிட்டது. 88 லட்சம் வீட்டு வாசலிலும் யாரோ ஒருவர் நின்று "பூட்டி வைக்கக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டவில்லை. ஒரு நாள் அப்பாவும் நானும் தெருமுனை டீக்கடை, பக்கத்து மளிகைக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட் மூன்று இடத்துக்கும் போய், அப்பத்தாவுக்கு இப்படி இருக்கிறது என்று சொல்லி, அப்பாவின் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தோம். சொல்லும்போது அப்பாவுக்குக் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. டீக்கடை அண்ணன் நம்பரைக் கல்லாப்பெட்டியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். போன மாதம் அவரிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. இரண்டு முறையும் நான் போனபோது அப்பத்தா பெஞ்சில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தார், மஞ்சப்பை மடியில்.